பத்துக்குப் பத்து

அந்தப் பெட்டியை மாடிக்கு ஏற்ற நாலு ஆள் வேண்டியிருந்தது. ஐம்பத்திரண்டு கிலோ. இரண்டு பக்கமும் மீன் செதிள் மாதிரி வரிசை வரிசையாக அலுமினியத் தகடுகள். முன்னால் ஒரே ஒரு குமிழ், ஒரே ஒரு நீல விளக்கு. ஒரு ஆம்ப்ளிஃபயருக்கு இவ்வளவு கனமா என்று தூக்கி வந்தவர்களில் ஒருவர் மூச்சு வாங்கக் கேட்டார்.

"கனம் இல்லாத பொருளை நான் வாங்கறது இல்லை" என்றார் சீஃப்.

வீட்டிலும் தெருவிலும் அவருக்கு அதுதான் பெயர். முப்பத்து நாலு வருஷம் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் நின்றவர். கடைசிப் பதினாறு வருஷம் சீஃப் எஞ்சினியர். ஒரு முழ நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடும் எஞ்சின் மேல் வைப்பார், மரப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்துவார், கண்ணை மூடுவார். "மூணாவது சிலிண்டர். பேரிங் போகுது" என்பார். பிரித்துப் பார்த்தால் மூணாவது சிலிண்டராகத்தான் இருக்கும். கப்பலில் இருந்தவர்கள் கரையில் சொல்லி, கரையில் இருந்தவர்கள் சொந்தக்காரர்களிடம் சொல்லி, அந்தக் குடும்பத்துக்கே காதுக்கார வீடு என்று பெயர் வந்தது. ஒரு குடும்பத்துக்கு இப்படி ஒரு பெயர் சும்மா கிடைத்துவிடாது. கிடைத்ததைக் காப்பாற்றுவது தலைவனாக இருப்பவனின் வேலை. சீஃப் அந்த வேலையில் ஒரு நாளும் லீவு எடுத்ததில்லை.

ஆம்ப்ளிஃபயரின் விலை, தெருக்கோடியில் இருந்த காலி மனை. தன் முதல் கப்பல் சம்பளத்தில் அவர் வாங்கிப் போட்டது. மகன் அதில் வீடு கட்டுவான் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மகனும் மருமகளும் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வாடகைக்கு இருந்தார்கள். குழாயில் தண்ணீர் ஏறாத நாட்களில் குடம் குடமாகச் சுமந்துகொண்டு. சீஃப் மனையை ஒரு முற்பகலில் விற்றார். மகனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. தகப்பனைக் கேள்வி கேட்காமல் இருப்பது அந்த வீட்டின் வளர்ப்பு.

மருமகள் வேறு வீட்டில் வளர்ந்தவள். ஆஸ்பத்திரி ஒன்றில் காது பரிசோதிக்கும் வேலை. சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, மெல்லிய கூவல்களை ஒவ்வொன்றாக அனுப்பி, கேட்டதா இல்லையா என்று கோடு போடுவாள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் அளந்து பேசுவாள். சீஃபுக்கு அந்த அளவு பிடிக்காது.

முதல் ஞாயிறு குடும்பம் முழுவதும் கேட்க வந்தது. மகனும் மருமகளும், மகளும் மாப்பிள்ளையும். பெட்டியை விற்ற கடைக்காரர் சொன்னபடி இருநூறு மணி நேரம் அதை ஓடவிட்டுப் பழக்கியிருந்தார் சீஃப். அறை அடுப்படி போலக் கொதித்தது. ஒரு வயலின் இசைத்தட்டைப் போட்டு, குமிழை முக்கால் வட்டம் திருப்பினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மகள் தலைவலி வந்தவள் போல நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி மாப்பிள்ளை?"

"ஆகா மாமா! வயலின்காரர் நம்ம மடியில உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கு!"

"மடியில உக்காந்தா கால் மரத்துப் போகாதா?" என்றாள் சீஃபின் மனைவி. "எனக்குத் தெரிஞ்சு இதுல ஒரு பிரயோஜனம் இருக்கு. துணி சீக்கிரம் காயுது."

எல்லோரும் சிரித்தார்கள். சீஃபும் சிரித்தார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார்.

"நீதானே காது டிபார்ட்மென்ட். நீ சொல்லு."

"நல்லா இருக்கு மாமா."

"நல்லா இருக்குன்னா? பழைய பெட்டிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"எனக்குத் தெரியலை மாமா."

"உனக்குத் தெரியலையா, இல்லவே இல்லையா?"

அவள் கணவன் அவள் காலைத் தன் காலால் தொட்டான். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

"இல்லைன்னுதான் நினைக்கிறேன். ஒழுங்கா செஞ்ச ரெண்டு ஆம்ப்ளிஃபயரை ஒரே அளவு சத்தத்துல வச்சா, பார்க்காம யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது மாமா. அதுவும் எஞ்சின் ரூம்ல முப்பத்து நாலு வருஷம் இருந்த காது. ஒரு நாள் என்கிட்ட வாங்களேன். அரை மணி நேரம்தான், டெஸ்ட் பண்ணிடலாம்."

மாப்பிள்ளை இருமினார். மாப்பிள்ளை முன்னால், மகள் முன்னால், சொந்த வீட்டில் ஒரு வார்த்தை. மனையைப் பற்றிக் கேட்டிருந்தால்கூட சீஃப் பொறுத்திருப்பார். காதைப் பற்றிக் கேட்டுவிட்டாள்.

"டோக்கன் வாங்கிட்டு உன் ஆஸ்பத்திரியில வரிசையில உக்காரச் சொல்றே."

"அப்படிச் சொல்லலை மாமா."

"சரி, டெஸ்ட் வை. இங்கேயே வை. இதையும் ஒரு மட்டமான பெட்டியையும் திரைக்குப் பின்னாடி வை. பத்துத் தடவை மாத்திப் போடு. பத்துக்கு ஒன்பது சொன்னாலும் நான் தோத்தவன். தோத்தா இதை வித்து அந்தக் காசை உங்க கையில குடுத்துட்டு, உன் ஆஸ்பத்திரி பெஞ்சுல வந்து உக்கார்றேன். பத்துக்குப் பத்து சொன்னா, நீ உன் கையால எழுதிக் குடுக்கணும்."

"என்னன்னு மாமா?"

"அதை நான் சொல்லுவேன்."

அடுத்த ஞாயிறு ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவரை மருமகள் அழைத்து வந்தாள். அவர் கையில் தன் கடை அலமாரியிலிருந்து எடுத்த பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று. ஒரு நல்ல ஜோடி ஷூவின் விலைகூடப் பெறாது. சீஃபின் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார், தகட்டைத் தட்டிப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?" என்றார் சீஃப்.

"அருமையான அலுமினியம் சார். கதவு செய்யலாம்."

"இவ்வளவு விலை தகாதுங்கறீங்களா?"

"உள்ளே செஞ்ச வேலை சுத்தமான வேலை சார். பொய் சொல்லக் கூடாது. ஆனா காது வரைக்கும் போய்ச் சேரணுமே."

ரிப்பேர்க்காரர் மீட்டரை வைத்து இரண்டு பெட்டிகளின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார். சத்தம் ஒரு இம்மி கூடினாலும் கூடியதுதான் உசத்தி என்று மனம் சொல்லிவிடும் என்றார். இரண்டுக்கும் நடுவே கையளவு சுவிட்ச் பெட்டி ஒன்றை வைத்தார். அதன் குமிழ் இடப்பக்கம் போனால் பெரிய பெட்டி, வலப்பக்கம் போனால் சின்னப் பெட்டி, நடுவில் எதுவும் இல்லை.

"ஒவ்வொரு தடவையும் முதல்ல நடுவுக்குக் கொண்டு வரணும். அப்புறம்தான் எந்தப் பக்கம் வேணுமோ அந்தப் பக்கம். மாத்தினாலும் சரி, பழைய பக்கமே வந்தாலும் சரி, டக், டக்னு ரெண்டு சத்தம் கேக்கும். அப்பத்தான் சத்தத்தை வச்சு யாரும் கண்டுபிடிக்க முடியாது." செய்து காட்டினார். "கேட்டுச்சா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். சீஃபும் தலையாட்டினார்.

சுவிட்சை யார் போடுவது என்று பேச்சு வந்தபோது சீஃப் ஒரே வார்த்தையில் முடித்தார். "என் வீட்டுக்காரி. நாற்பது வருஷத்துல அவ பொய் சொல்லி நான் பார்த்ததில்லை." ரிப்பேர்க்காரரை டீ குடித்து வரும்படி கீழே அனுப்பினார். வீட்டு விஷயத்தில் வெளியாள் எதற்கு?

திரை இழுக்கப்பட்டது. அதற்குப் பின்னால் அவர் மனைவி, மடியில் சுண்ட ஒரு நாணயம், எழுத ஒரு தாள். ஒவ்வொரு தடவையும் பாட்டை நிறுத்துவதும் மறுபடி போடுவதும் அவள்தான். பூ விழுந்தால் பெரியது, எண் விழுந்தால் சின்னது. சீஃப் சொல்லும் பதிலை இந்தப் பக்கம் மகன் எழுதுவான். கடைசியில் இரண்டு தாளையும் ஒப்பிட வேண்டும்.

முதல் தடவை வயலின் எழுந்தது. சீஃப் கண்ணை மூடினார். அந்த இழைப்பு, அந்தக் குழைவு, வில் நரம்பை விட்டு விலகும்போது மிஞ்சும் அந்தச் சின்ன மூச்சு.

"பெருசு" என்றார். "இதுதான் என் ராஜா. இதை எங்கே வச்சாலும் சொல்லுவேன்."

இரண்டாம் தடவை கொஞ்சம் தாமதமாகத்தான் பாட்டு வந்தது. "சிறுசு. வயலின்ல எலும்பே இல்லை பாரு." மூன்றாம் தடவை, "பெருசு." கண்ணைத் திறந்தபோது மகள் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் தாளை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. மருமகள் மட்டும் திரையையே பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் தடவை அவள் கையிலிருந்த பேனாவை மூடிக் கைப்பையில் போட்டாள்.

பயம் வந்துவிட்டது என்று சீஃப் நினைத்தார். அதற்கப்புறம் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. பாட்டு தொடங்கி மூன்று விநாடிக்குள் பதில் சொன்னார். பத்தாவதற்குக் கண்ணைக்கூட மூடவில்லை.

மனைவி தாளுடன் வெளியே வந்தாள். மகன் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். பெருசு, பெருசு. சிறுசு, சிறுசு. கீழே வரை ஒன்றுகூடப் பிசகவில்லை.

மாப்பிள்ளைதான் முதலில் கை தட்டினார். "பத்துக்குப் பத்து! மாமான்னா மாமாதான்!"

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் திரைத்துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

"அத்தை, ஒவ்வொரு தடவையும் சுவிட்சை நடுவுக்குக் கொண்டு வந்தீங்களா?"

"கொண்டு வந்தேம்மா."

"ஒவ்வொரு தடவையுமா?"

"என்ன பேச்சு இது?" சீஃபின் குரலில் ஜன்னல் மறுபடி அதிர்ந்தது. "என் பெண்டாட்டியை என் முன்னாடியே பொய்க்காரிங்கறியா?"

மாமியாரின் கண் மருமகளின் கண்ணை ஒரு கணம் தொட்டது. கெஞ்சல் இருந்தது அதில். மருமகள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"இல்லை மாமா. பேப்பர் குடுங்க, எழுதித் தர்றேன்."

வார்த்தைக்கு வார்த்தை சீஃப்தான் சொன்னார். "என் மாமனாரின் காதைச் சந்தேகித்தது என் அறியாமை. படித்த படிப்பால் வந்த திமிர். குடும்பத்தின் முன் மன்னிப்புக் கேட்கிறேன்." கையெழுத்து போட்டாள். "கீழே உன் வேலையை எழுது." எழுதினாள். "சீல் எங்கே? ரிப்போர்ட்டுக்கெல்லாம் குத்துவியே, அது?" அது அவள் கைப்பையில்தான் இருந்தது. குத்தினாள். மகன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான்.

மறுநாளே சீஃப் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, ஆம்ப்ளிஃபயருக்கு நேர் மேலே ஆணியடித்து மாட்டினார். ரிப்பேர்க்காரரின் சின்னப் பெட்டியையும் சுவிட்சோடு விலை பேசி வாங்கி, திரைக்குப் பின்னால் இருந்தபடியே வைத்துக்கொண்டார், தோற்றவனின் கொடியைப் பறித்து வைப்பதுபோல. வருகிறவர்களெல்லாம் முதலில் சட்டத்தைப் படிக்க வேண்டும், பிறகு பாட்டுக் கேட்க வேண்டும். மருமகள் இருக்கும் நாளாக இருந்தால் டீயை அவள் கையால்தான் கொண்டுவரச் சொல்வார். "எழுதினது இவங்கதான்" என்பார். "ஆமாங்க" என்பாள் அவள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் அவள் ஆஸ்பத்திரி டாக்டர். சட்டத்தைப் படித்து வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த வாரத்திலிருந்து அவள் போடும் கோடுகளை இன்னொருத்தி சரிபார்த்த பிறகுதான் நோயாளிக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆனது.

மகன் வந்து நின்றான். பிறந்ததிலிருந்து அவன் தகப்பனிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்பா, அதைக் கழட்டிடலாமா? அவளுக்கு வேலை இடத்துல கஷ்டமா இருக்கு."

"எழுதினது அவதானே?"

"ஆமாப்பா."

"அப்ப அது பாட்டுக்கு இருக்கட்டும்."

இரண்டு மாதம் போனது. கடைக்காரர் ஒரு நாள் வந்து அறையை நடந்து அளந்தார். இவ்வளவு பெரிய பெட்டிக்கு இந்த அறை சிறியது, கீழ்ச்சத்தம் விரிய நீளம் வேண்டும், அடுத்த சுவரை எடுத்துவிட்டால் கச்சேரி மேடை மாதிரி ஆகிவிடும் என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் சீஃபின் மனைவி தைக்கும் அறை. அவர் கடலில் இருந்த வருஷங்களில் அவள் அங்கே உட்கார்ந்துதான் தெருவில் பாதிப் பேருக்குத் துணி தைத்தாள். இன்னமும் தைக்கிறாள். தையல் மெஷின், வெட்டுமேஜை, சுவர் முழுக்க நூல்கண்டுகள்.

கொத்தனார் வந்து சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது.

"மெஷினைப் பால்கனியில போட்டுக்கோ" என்றார் சீஃப்.

"மழை பெஞ்சா?"

"மழை பெய்யறப்ப தைக்காதே."

அவள் கோட்டைப் பார்த்தாள். கொத்தனாரிடம், "கீழே போய்க் கொஞ்ச நேரம் உக்காருப்பா" என்றாள். அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்து, கணவர் முகத்துக்கு நேராக நின்றாள். எப்போதும் அப்படி நேராக நின்று, வாயை அகலத் திறந்துதான் அவரிடம் பேசுவாள். எத்தனை வருஷமாக அப்படி என்று அவர் யோசித்ததே இல்லை.

"என்னங்க, அன்னைக்கு நான் சுவிட்சைப் போடலை."

"என்னைக்கு?"

"டெஸ்ட் அன்னைக்கு. முதல் தடவை மட்டும் போட்டேன். காசு சிறுசுன்னு விழுந்துச்சு, சிறுசுல வச்சேன். நீங்க பெருசு, இதுதான் என் ராஜான்னீங்க. எனக்குப் பயமாயிடுச்சு. அதுக்கப்புறம் நான் அதைத் தொடவே இல்லை. நீங்க என்ன சொன்னீங்களோ அதையே எழுதிட்டேன். பத்துத் தடவையும் ஓடினது அந்த ரிப்பேர்க்காரர் பெட்டிதான்."

"பொய்."

"நாற்பது வருஷத்துல அது ஒண்ணுதான். உங்க தலை குனியக் கூடாதுன்னு சொன்னேன். அதுக்குக் கூலியா என் அறையை இடிக்கறீங்க."

சீஃப் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"யாருக்கு? மருமகளுக்கா? எல்லாருக்கும் தெரியும்."

"நீ சொன்னியா?"

"நான் எதுக்குங்க சொல்லணும்?" அவள் குரல் தணிந்தது. தணிந்ததால் அவருக்கு உதட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. "அந்த சுவிட்சு ஒவ்வொரு தடவையும் டக், டக்னு அடிக்கும். முதல் தடவை அடிச்சுது. மிச்சம் ஒன்பது தடவை அடிக்கலை. அடிக்கலைங்கறது அறையில இருந்த அத்தனை பேருக்கும் கேட்டுச்சு. உங்களுக்குத்தான் கேக்கலை."

அவள் போன பிறகு சீஃப் திரைக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார். சுவிட்ச் குமிழை நடுவுக்குத் திருப்பினார். விரலுக்கு ஒரு சின்ன உதை தெரிந்தது. இடப்பக்கம் திருப்பினார். இன்னொரு உதை. காதில் ஒன்றுமே விழவில்லை. குனிந்து காதைப் பெட்டியின் மேலேயே வைத்தார். இல்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்த முழ நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தார். முனையைச் சுவிட்ச் மேல் வைத்தார், பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்தினார், கண்ணை மூடிக்கொண்டு குமிழைத் திருப்பினார்.

எங்கோ வெகு ஆழத்தில், டக்.

மகள் மாப்பிள்ளையைப் பார்த்தது, மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்தது, பேனா மூடப்பட்டது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பரிதாபப்பட்டுக் கை தட்டியிருக்கிறார்கள். அவர் வீட்டில், அவர் முன்னால், அவருக்காக.

கொத்தனாரைத் திருப்பி அனுப்பினார். கோட்டை ஈரத்துணியால் தானே துடைத்தார்.

அந்த ஞாயிறு காலை சட்டத்தைக் கழற்றி நாற்காலியில் கவிழ்த்து வைத்தார். சொல்ல வேண்டிய வாக்கியம் தயாராக இருந்தது. "தப்பு என் மேலேதான்மா." மூன்றே வார்த்தைதான். மூன்று நாளாக அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்திருந்தார். குடும்பத்தின் முன்னால் வாங்கிய மன்னிப்பைக் குடும்பத்தின் முன்னால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்குள் நடந்தது வீட்டுக்குள்ளேயே முடியட்டும்.

முதலில் வந்தது மாப்பிள்ளை. தனியாக வரவில்லை. கூடவே அவருடைய முதலாளி, வாசனை பூசிய சட்டையோடு.

"மாமா, சார் உங்க காதைப் பார்க்கத்தான் வந்திருக்கார்! பத்துக்குப் பத்தை நான் சொன்னப்ப நம்பலை." மாப்பிள்ளை நாற்காலியிலிருந்த சட்டத்தை எடுத்தார். "இது ஏன் கழண்டு கிடக்கு?"

சீஃப் முதலாளியைப் பார்த்தார். வெளியாள். நாளைக்கு ஊர் முழுக்கப் பேசும் வாய்.

"கண்ணாடி துடைக்க எடுத்தேன்" என்றார். கைக்குட்டையால் துடைத்தார். ஆணியில் மாட்டக் கையைத் தூக்கிய நேரத்தில் மகனும் மருமகளும் உள்ளே வந்தார்கள்.

அவள் பார்வை சட்டத்திலிருந்து அவர் முகத்துக்கு வந்தது. பிறகு மாமியார் முகத்துக்குப் போனது. திரும்பி வந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சீஃபின் கையில் சட்டம் இன்னும் ஆணியில் மாட்டாமல்தான் இருந்தது. அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

அவர் மாட்டினார். கோணல் இல்லாமல் சரிசெய்தார்.

"எங்களுக்கும் ஒரு டெஸ்ட் காட்டுங்களேன்" என்றார் முதலாளி. "மகளுக்காக ஒரு ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்ட வச்சிருந்தேன். அவளுக்கென்ன அவசரம், இதைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னு இருக்கேன்."

சீஃபின் மனைவி திரைப் பக்கம் நடந்தாள். மருமகள் அவள் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

"நீங்க உக்காருங்க அத்தை. உங்களுக்கு முட்டி வலி. இன்னைக்கு நான் போடறேன்."

மறுக்க ஒரு காரணமும் இல்லை. சீஃப் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. எதிரே இருந்த முகங்களைப் பார்த்தார். முதல் தடவை மாப்பிள்ளையின் இமை லேசாக இரண்டு தரம் துடித்தது. முதலாளியின் தலையும் திரைப் பக்கம் திரும்பியது. டக், டக். அடிக்கிறாள். இரண்டாம் தடவையும் அடித்தாள். பத்துத் தடவையும் அடித்தாள். வயலின் எல்லாத் தடவையும் ஒரே வயலினாகத்தான் இருந்தது. அவர் பெருசு என்றார், சிறுசு என்றார். நெற்றி வியர்வை மூக்கு நுனிவரை வந்ததைத் துடைக்கவில்லை. துடைத்தால் பார்ப்பார்கள்.

மருமகள் வெளியே வந்தாள். மகன் எழுதிய தாளை வாங்கினாள். தன்னுடைய தாளோடு சேர்த்துப் பிடித்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். அவசரப்படவே இல்லை. சீஃபின் மனைவி முந்நூறு மைல் ஓடி வந்தவள் போல மூச்சு விட்டாள்.

"பத்துக்குப் பத்து" என்றாள் மருமகள்.

முதலாளி எழுந்து நின்று கை தட்டினார். "சார், ஒரே கேள்வி. மனசைத் தொட்டுச் சொல்லுங்க. இவ்வளவு காசு தகுமா?"

அறை அமைதியானது. அமைதிதான் என்று எதிரே இருந்த முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார் சீஃப். மருமகள் சட்டத்துக்குக் கீழே போய் நின்றாள்.

"சொல்லுங்க மாமா" என்றாள். "தகுமா?"

"தகும்" என்றார் சீஃப். முதுகு வளையவில்லை. "காது இருக்கறவங்களுக்குத் தகும்."

"முடிஞ்சுது! நாளைக்கே வாங்கிடறேன்" என்றார் முதலாளி. மாப்பிள்ளை கடைக்காரரின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

அவர்கள் படி இறங்கிய பிறகு மருமகள் உட்கார்ந்து இரண்டு தாளில் எழுதி, இரண்டிலும் சீல் குத்தி, ஒன்றை நாலாக மடித்து மாமனாரின் சட்டைப் பையில் வைத்தாள், மருந்துச் சீட்டு வைப்பதுபோல. அவர் எடுத்துப் பிரித்தார். பத்து வரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே அவள் கையெழுத்தில் ஒரு வார்த்தை. சரி மூன்று, தவறு ஏழு. கீழே கையெழுத்து, வேலை, சீல்.

"அதுக்குக் கண்ணாடி போட வேண்டாம் மாமா" என்றாள். அவர் முகத்துக்கு நேராக நின்று, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாக. அவள் மாமியார் பேசுவதுபோலவே. "என்கிட்ட இன்னொரு காப்பி இருக்கு. அடுத்த ஞாயிறும் யாராவது வருவாங்க. நானே வந்து போடறேன்."

"என்ன வேணும் உனக்கு?" என்றார் சீஃப். "மனைக்குப் பதிலா..."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் மாமா. ஞாயித்துக்கிழமை வந்தா போதும்."

அவள் திரைக்குப் பின்னால் போனாள், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வர. சீஃப் தன் மனைவியின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் இமை ஒரு முறை துடித்தது. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு முறை.